அரிசி இல்லை, சோறு உண்டு!

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய படம். நான்கு ஓரத்திலும் நீலப் பட்டு நாடா. நடுவில் குந்தி உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஒரு சீனர். படத்தைச் சாய்த்துப் பாருங்கள், சட்டை மடிப்பில் வண்ணம் வெல்வெட் மாதிரி மேடாக எழும்பி நிற்கும்! இதற்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் ‘அரிசித் தாள்’. இதில் அரிசியும் இல்லை, தாளும் இல்லை, தெரியுமா? தென் சீனாவிலும் தைவானிலும் வளரும் ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறுதான் அது. நம் தஞ்சாவூர் நெட்டிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. (செடியின் உள்ளீட்டைச் ‘சோறு’ என்று சொல்லும் தமிழில் மட்டும் அந்தத் தப்பான பெயர் எப்படியோ பொருந்திவிடுகிறது!) தண்டை உருட்டிக்கொண்டே கத்தியால் சுருள் சுருளாகச் சீவினால் ஏடு ரெடி. ஈரம் பட்டதும் உப்பும். அதனால்தான் அந்த மேடு. காய்ந்தபின் மடித்தீர்களோ, முறிந்தது!

இதுபோன்ற படங்களெல்லாம் வரையப்பட்ட ஊர் கான்டன், இன்றைய குவாங்சௌ. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல் வணிகத்துக்குச் சீனா திறந்து வைத்திருந்த ஒரே வாசல். தேயிலை ஏற்ற வந்தவர்கள் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய படங்கள் இவை. ஒருவர் மரம் போட, அடுத்தவர் உடல் போட, இன்னொருவர் முகம் எழுத, படம் கைமாறிக் கைமாறி முடியும்.

கண்ணாடி ஓவியத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி கப்பலேறிக் கான்டன் போகும். பின்பக்கப் பாதரசப் பூச்சைச் சுரண்டி, அங்கே தலைகீழ் வரிசையில் வரைவார்கள்: கண்ணின் மினுக்கு முதலில், கன்னத்தின் நிறம் அப்புறம்! வரைந்ததும் மறுபடி கப்பல். ஜார்ஜ் வாஷிங்டன் படத்தை இப்படிக் கண்ணாடியில் நகலெடுத்து அமெரிக்காவில் விற்றதற்காக, மூலத்தை வரைந்த கில்பர்ட் ஸ்டூவர்ட் 1802இல் கோர்ட்டுக்கே போனார்!

சீன ரசிகர்களுக்கு இந்தப் படங்கள் வெறும் கடைச்சரக்கு. ஐரோப்பியர்களுக்கோ தூரதேசத்துத் தகவல். நெதர்லாந்துக்குப் போனவற்றில் பெரும்பகுதி சேர்ந்தது லைடனின் மக்களினவியல் அருங்காட்சியகத்துக்கு, ஈட்டி கேடயங்களின் பக்கத்தில். அங்கே உள்ள ஒரு தொகுப்பைச் சீனாவில் காலே வைக்காமல் தி ஹேக்கில் உட்கார்ந்தபடி சேர்த்தவர் ராயர் என்ற வழக்கறிஞர். 1814இல் அவர் மனைவி அத்தனையையும் நெதர்லாந்தின் ஆட்சியாளருக்கு எழுதிவைத்தார்.

கான்டனில் இப்படிப் படம் வரைந்து விற்ற கடைக்காரர்களில் ஒருவரைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்: லாம்க்வா. 1802இல் சென்னைக்கு வந்து சில வருடம் இங்கே படம் எழுதிய ஜார்ஜ் சின்னரி, 1825இல் மக்காவ் போய்ச் சேர்ந்தார். லாம்க்வா அவரிடம் கற்றவர் என்று பேச்சு. சின்னரியோ அதெல்லாம் கிடையாது என்றார்! பொறாமையாக இருக்கலாம், 1835இல் லண்டன் ராயல் அகாடமியிலேயே லாம்க்வாவின் படம் தொங்கியது.

ஆனால் அவருடைய அசாத்தியமான படங்கள் வேறு. கான்டனில் ஆஸ்பத்திரி நடத்திய அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கர், தன் நோயாளிகளை லாம்க்வாவைக் கொண்டு வரைய வைத்தார். கழுத்திலோ கையிலோ தலை அளவுக்குத் தொங்கும் கட்டி. மேலே, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல அலட்டிக்கொள்ளாத முகம். அவற்றில் 23 படங்கள் இன்று லண்டனில் இருக்கின்றன. எந்த ஓவியக்கூடத்திலும் இல்லை. கைஸ் மருத்துவமனை வளாகத்தில், ஜாடிகளில் உறுப்புகள் மிதக்கும் மருத்துவ மாணவர்களின் அருங்காட்சியகத்தில்.