கையெழுத்து கோணலா? விரலைக் கொஞ்சம் கவனியுங்கள்

"நாலு வரி எழுதினாலே கை வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால், பல வீடுகளில் கிடைக்கும் பதில்: "எல்லாம் சோம்பேறித்தனம், இன்னும் ரெண்டு பக்கம் எழுது." வலிக்கிற கைக்கு மேலும் எழுத்து வேலை கொடுத்தால், அது பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் பழகும்.

ஒரு சின்னச் சோதனை. எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால், பிள்ளை தேவைக்கு மேல் அழுத்துகிறது என்று அர்த்தம். எழுதும்போது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டிய மூட்டு உள்ளே குழிந்து, நகம் வெளுத்திருந்தாலும் அதே கதைதான்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க வேண்டும். எழுதும்போது விரல்கள்தான் அசைய வேண்டும். விரலில் வலு போதாத பிள்ளை மணிக்கட்டையோ முழுக் கையையோ அசைத்து எழுதும். தமிழில் இது உடனே தெரிந்துவிடும். 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், 'ஞ' அடையாளமே தெரியாது.

பயிற்சிக்கு எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சப்பாத்தி மாவைப் பிசைந்து, குட்டிக் குட்டி உருண்டைகளாக விரல் நுனியால் உருட்டச் சொல்லுங்கள். துணி கிளிப்பைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் மட்டும் திறந்து கொடியில் மாட்டட்டும். பழைய செய்தித்தாளில் கால் பக்கம் கிழித்துக் கொடுத்து, மேசையில் வைக்காமல் ஒரே கையால் பந்தாகக் கசக்கச் சொல்லுங்கள். கேட்க எளிதுதான், நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்! பல்லாங்குழியில் காய்களை உள்ளங்கையில் அடக்கி ஒவ்வொன்றாகக் குழியில் விடுவதும் இதே வேலைதான்.

பலர் மறந்துவிடுவது தோளை. தோள் உறுதியாக நிற்காவிட்டால் விரல் தனியாக அசையாது. சுவரில் கைகளை ஊன்றிப் பத்துத் தடவை தள்ளலாம். சுவரில் மாட்டிய கரும்பலகையில் எழுதுவதும் நல்லது. அப்போது மணிக்கட்டு தானாகவே சற்றுப் பின்பக்கம் சாயும். எழுத அதுதான் வசதியான நிலை.

தினம் பத்து நிமிடம் போதும். நாற்காலியில் கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் துண்டுப் பென்சிலே நல்லது, எல்லா விரலும் வந்து பிடிக்க அதில் இடமிருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பிடியை மட்டும் இப்போது போய் மாற்றாதீர்கள். 3 மணி நேரத் தேர்வில் வேகம் கெட்டுவிடும். அழுத்தாமலே எழுதும் ஜெல் பேனா கொடுத்துப் பாருங்கள்.

சில மாதங்கள் செய்தும் மாற்றமில்லை, கை நடுங்குகிறது, வாயால் சரளமாகச் சொல்லும் பதிலை எழுத முடியவில்லை என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். டிஸ்கிராஃபியாவாக இருக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கற்றல் குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்குத் தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காமல், பள்ளித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.