மூளைக் கட்டி அறுவைக்குப் பின் இரத்தக் குழாய் இடர்கள்

ஐதராபாத்தில் அமீர்பேட் பகுதியை அடுத்த பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையம் அமைந்துள்ளது. எலும்பு நோய் மருத்துவமனையாகத் தோன்றிய இந்நிலையம், இன்று மூளை அறுவை மருத்துவத்திலும் பெயர் பெற்று விளங்குகிறது. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்த இத்துறை, பின்னர் நாடெங்கும் பரவியது. 2007இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கும் இத்தகைய சிகிச்சையை எட்டச் செய்தது. எனினும், கட்டியை அகற்றியதும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

முதல் இடர் இரத்தக் கசிவு. மண்டையோடு விரிந்துகொடுக்காது, ஆதலால் உள்ளே தேங்கும் சிறிதளவு இரத்தமும் மூளையை அழுத்தும். அறுவைக்குப் பிந்திய முதல் சில மணி நேரத்திலேயே இது பெரும்பாலும் வெளிப்படுகிறது. எனவே செவிலியர் நோயாளியின் கண்பாவைகளையும் நினைவு நிலையையும் அடிக்கடி சோதிக்கின்றனர். 1974இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்ட அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறைந்தால் உடனே சி.டி. படம் எடுக்கப்படும், தேவையாயின் மீண்டும் அறுவை செய்யப்படும்.

இரண்டாவது இடர் இதற்கு நேர்மாறானது. அது இரத்தம் உறைதல். சிலவகை மூளைக் கட்டிகள் உறைதலைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. படுக்கையில் அசைவின்றிக் கிடப்பதும் இதற்குத் துணைபோகிறது. காலின் ஆழ்சிரையில் உண்டாகும் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை மிகுவிக்கும் என்பதே இங்குள்ள சிக்கல். ஆகவே முதலில் காலுக்கு அழுத்த உறைகளும், இயன்றவரை விரைவில் நடைப்பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. கசிவு இல்லையென உறுதியான பின்னரே, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, சிறிய அளவில் ஹெப்பாரின் தரப்படுகிறது.

உறைதல் இடர் வீடு திரும்பிய பின்னும் பல வாரங்கள் நீடிக்கும். ஒரு காலில் மட்டும் தோன்றும் வீக்கத்தைப் பயணக் களைப்பு எனக் கருதி எண்ணெய் தேய்த்து உருவுதல் தவறாகும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடும் தலைவலி, நினைவு மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இக்குறிகளை நோயாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுத்தலும், சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குச் சென்று கால்களைப் பார்த்துவருதலும் பெருஞ்செலவின்றி உயிர் காக்கும் வழிகளாகும்.