விமான நிலைய லவுஞ்ச்: யாருக்குத் திறக்கும், எத்தனை முறை திறக்கும்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். இன்று பல வீடுகளில் தறி ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் மெல்போர்னிலும் வேலையில் இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளைப் பார்க்க, வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர்கள் விமானம் ஏறுகிறார்கள்.

அப்படிப் போய்வந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பையன் அவன் கார்டைக் குடுத்து அனுப்பினான். லவுஞ்சுல காட்டினா சாப்பாடு, சோபா எல்லாம் சும்மான்னான். வாசல்லயே நிறுத்திட்டாங்க. 'ஐயா, கார்டுல இருக்கற பேரு வேற, உங்க டிக்கெட்டுல இருக்கற பேரு வேற'ன்னாங்க. பின்னாடி அத்தனை பேர் நிக்கறாங்க. வீட்டுக்காரிக்கு முகமே சுண்டிப் போச்சு."

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. விதி இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பெரியவருக்கு இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லவுஞ்ச் என்பது என்ன?

விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிட, இளைப்பாற, போனுக்கு சார்ஜ் போட ஒதுக்கப்பட்ட தனிக்கூடம் லவுஞ்ச். சில இடங்களில் குளியலறையும் உண்டு. 1939-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் இதற்கு முன்னோடி. அழைக்கப்பட்ட பெரிய மனிதர்களுக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. 1992-இல் வந்த பிரயாரிட்டி பாஸ், எந்த விமானத்தில் எந்த வகுப்பில் போனாலும் உறுப்பினர் என்றால் உள்ளே வரலாம் என்ற வழியைத் திறந்தது. பிறகு வங்கிகள் தங்கள் கார்டுகளோடு இந்தச் சலுகையைச் சேர்த்துத் தரத் தொடங்கின. நம் வீட்டுப் பெரியவர்கள் வரை லவுஞ்ச் என்ற சொல் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அங்கே நம்மிடம் காசு கேட்கவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. நாம் நுழையும் ஒவ்வொரு முறைக்கும் வங்கியோ விமான நிறுவனமோ லவுஞ்ச் நடத்துபவருக்குப் பணம் தருகிறது. அதனால்தான் இத்தனை விதிகள். நெசவாளர் சங்கத்தில் பட்டு நூலையும் சரிகையையும் நிறுத்துக் கொடுத்து, சேலையை நிறுத்து வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கொடுப்பது எதுவும் கணக்கில்லாமல் போவதில்லை.

உள்ளே போக நான்கு வழிகள்

முதல் வழி, டிக்கெட். பிசினஸ் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ பயணம் செய்தால் அந்த விமான நிறுவனமே லவுஞ்சைத் திறந்துவிடும்.

இரண்டாவது, அடிக்கடி பறப்பவர் என்ற தகுதி. விமான நிறுவனங்கள் கூட்டணிகளாக இயங்குகின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு மே மாதம் ஒன்வேர்ல்டு கூட்டணியிலும் சேர்ந்தன. ஸ்டார் அலையன்ஸில் கோல்டு தகுதி உள்ளவர் எகானமியில் பயணம் செய்தாலும் கூட்டணியின் லவுஞ்சுக்குள் போகலாம். அதே விமானத்தில் வரும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும் முடியும்.

மூன்றாவது, நம்மில் பெரும்பாலோர் போகும் வழியான வங்கி கார்டு. ரூபே, விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் கார்டின் வகையைப் பொறுத்துக் காலாண்டுக்கோ ஆண்டுக்கோ இத்தனை முறை என்று எண்ணிக்கை இருக்கும். நான்காவது, வாசலில் பணம் கட்டிப் போவது. கட்டணம் லவுஞ்சுக்கு லவுஞ்ச் மாறும்.

கார்டு வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெயர்: கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பிள்ளையின் கார்டு பெற்றோருக்கு உதவாது. பெற்றோர் பெயரிலேயே கூடுதல் கார்டு எடுத்துத் தரலாம். ஆனால் அந்தக் கார்டுக்கு லவுஞ்ச் சலுகை உண்டா, தனி எண்ணிக்கையா, முதன்மைக் கார்டின் எண்ணிக்கையிலிருந்து கழியுமா என்று வங்கியில் முன்பே கேட்டுவிடுங்கள்.

துணைக்கு வருபவர்: ஒரு கார்டு, ஒரு ஆள் என்பதே பொது விதி. கணவருக்கு அனுமதி கிடைத்தால் மனைவிக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பல கார்டுகளில் துணைக்கு வருபவருக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது அங்கே கேட்கப்படாமல் அடுத்த மாத பில்லில் வந்து நிற்கும்.

சின்னத் தொகை: நுழைவில் கார்டைத் தேய்க்கும்போது 2 ரூபாயோ 25 ரூபாயோ பிடிப்பார்கள். கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதற்கான தொகை அது. பயப்பட வேண்டியதில்லை.

செலவு நிபந்தனை: அண்மை ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம் இதுதான். ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் தன் பல கிரெடிட் கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் அடுத்த காலாண்டில் உள்நாட்டு லவுஞ்ச் என்று விதித்தது. யெஸ் வங்கி அதே நாள் முதல் 10,000 ரூபாய் என்று வைத்தது. ஆகவே ஜூன் மாதப் பயணத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவுதான் கணக்கு. ஜூனில் வைகாசிக் கல்யாணத்துக்கு எத்தனை சேலை வாங்கினாலும் அந்தப் பயணத்துக்கு அது உதவாது. பெட்ரோல், வாடகை போன்ற செலவுகளைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

பிரயாரிட்டி பாஸ்: நம் வங்கிகள் தரும் இந்த அட்டைகளில் பல, வெளிநாட்டு லவுஞ்சுகளுக்கு மட்டுமே இலவச எண்ணிக்கை தருகின்றன. சென்னையிலேயே அதை நீட்டினால் கட்டணம் விழலாம். உள்நாட்டில் வங்கி கார்டு, கடல் கடந்தால் பிரயாரிட்டி பாஸ் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

விதிகள் அடிக்கடி மாறுவதையும் மனதில் வையுங்கள். வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே இருந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. போன ஆண்டு திறந்த கதவு இந்த ஆண்டும் திறக்கும் என்று நம்பிப் போகாமல், கிளம்பும் வாரத்தில் வங்கி செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பயணத்தில் பல லவுஞ்சுகள்

போகலாமா என்றால், போகலாம். பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கார்டு வழியாகப் போகும்போது ஒவ்வொரு வாசலும் ஒரு நுழைவு. ஒரே விமான நிலையத்தில் ஒரு லவுஞ்சிலிருந்து எழுந்து பக்கத்து லவுஞ்சுக்குப் போனாலும் இரண்டு நுழைவு என்றே கணக்கு. சில கார்டுகள் அதே நாளில் இரண்டாம் முறையை ஏற்பதும் இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். நம் ஊர்த் தம்பதியர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன் போகிறார்கள். சென்னையில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. திரும்பும்போது மெல்போர்னில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. நான்கு லவுஞ்ச், இரண்டு பேர். மொத்தம் எட்டு நுழைவு. அவர்களுக்கு இலவசமாக இருப்பது நான்கு என்று வைத்துக்கொள்வோம். மீதி நான்குக்கும் தலைக்கு 35 டாலர் வீதம் 140 அமெரிக்க டாலர். வரியோடு ரூபாயில் கணக்கிட்டால் பத்தாயிரத்தை நன்றாகத் தாண்டும். ஒரு சேலையைத் தறியிலிருந்து இறக்கப் பத்துப் பதினைந்து நாள் உழைக்கும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. நான்கு நுழைவுதான் இலவசம் என்றால், போகும்போதும் வரும்போதும் சிங்கப்பூரில் மட்டும் பயன்படுத்துவதே கெட்டிக்காரத்தனம். காத்திருப்பு நீள்வதும், உடம்பு அசந்து போவதும் அங்கேதான்.

காலாண்டுக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் அது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிதாகத் தொடங்கும். மார்ச் கடைசியில் போய் ஏப்ரல் நடுவில் திரும்பினால், போனது ஒரு காலாண்டு, வந்தது இன்னொன்று. இரண்டு ஒதுக்கீடும் பயன்படும். ஆனால் செலவு நிபந்தனை உள்ள கார்டு என்றால் இரண்டு காலாண்டுக்கும் அதைத் தனித்தனியே நிறைவேற்றியிருக்க வேண்டும்.

பிசினஸ் டிக்கெட்டிலோ கோல்டு தகுதியிலோ போகிறவர்களுக்குப் பொதுவாக இந்த எண்ணிக்கைக் கவலை இல்லை. அன்றைய பயணத்துக்கு அதே கூட்டணியின் ஒன்றுக்கு மேற்பட்ட லவுஞ்சுகளை அவர்கள் பார்க்கலாம்.

கட்டடம் அனுமதிக்க வேண்டும்

கார்டு அனுமதித்தாலும் விமான நிலையத்தின் அமைப்பு அனுமதிக்க வேண்டும். சென்னையில் டி1, டி4 இரண்டும் உள்நாட்டு முனையங்கள். டி2 வெளிநாட்டுப் பயணத்துக்கு. ஒரு முனையத்தில் பாதுகாப்புச் சோதனை முடித்தபின் இன்னொரு முனையத்தின் லவுஞ்சுக்குப் போக முடியாது. குடியேற்ற முத்திரை விழுந்தபின் திரும்பி வரவும் வழியில்லை. சிங்கப்பூர் சாங்கி அப்படியல்ல. அங்கே வேறு விமானத்துக்கு மாறுகிறவர்கள் டி1, டி2, டி3 முனையங்களுக்கிடையே குடியேற்றச் சோதனை இல்லாமலே சின்ன ரயிலில் போய்வரலாம். ஒரு லவுஞ்ச் நிரம்பி வழிந்தால் அடுத்த முனையத்தில் இடம் தேடலாம்.

நேரத்துக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலான லவுஞ்சுகள் விமானம் கிளம்ப மூன்று மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே விடுவதில்லை. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கவும் விடுவதில்லை. நம் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போனாலும் வாலாஜாபாத், ஒரகடம், வண்டலூர் வழியாகப் போனாலும், நெரிசலுக்குப் பயந்து ஐந்து மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருகிறோம். அந்த அதிகப்படி நேரத்தை லவுஞ்சில் கழிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். ஊர் திரும்பி இறங்கியதும் குளித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். லவுஞ்ச் பெரும்பாலும் கிளம்புகிறவர்களுக்குத்தான்.

இன்னொன்றைப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு கேட்காது. போர்டிங் பாஸில் உள்ள நேரத்தைப் பார்த்து போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

லவுஞ்ச் இல்லாவிட்டால்?

ஒன்றும் குடிமுழுகிப் போகாது. விமான நிலையத்தில் எல்லாமே யானை விலை என்ற மனக்குறைக்குப் பதிலாக, சென்னை உள்நாட்டு முனையம் டி1-இல் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். தண்ணீர் 10 ரூபாய், டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்ற விலையோடு அது தொடங்கியது.

விமானம் தாமதமானால் சாப்பாடு கேட்பது உங்கள் உரிமை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரமும், ஐந்து மணி நேரம் வரையிலானதற்கு மூன்று மணி நேரமும், அதற்கு மேற்பட்டதற்கு நான்கு மணி நேரமும் தாமதமானால், சரியான நேரத்துக்கு வந்து காத்திருக்கும் பயணிக்கு விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை.

மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட நம் காஞ்சிபுரம் இட்லியையும் மறந்துவிடாதீர்கள். அது பயணத்துக்கு ஏற்ற பண்டம். கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. சட்னி மட்டும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் சோதனையில் நின்றுவிடும். வேறு நாட்டில் இறங்கும் முன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கார்டைக் கொடுத்து அனுப்பினால் கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். அம்மா அப்பா பெயரில் கார்டு இருக்கிறதா, இருவருக்கும் நுழைவு உண்டா, எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்த வாசல் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அனுமதி இல்லை என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். லவுஞ்சுக்கு வெளியே உள்ள நாற்காலியில் உட்காருவது யாருக்கும் குறைவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வருவதுதான் அவர்களுக்கு வலிக்கும்.