ரத்தத்தில் நான்கு கூட்டாளிகள்!

விரலில் முள் குத்துகிறது. ஒரு சொட்டு ரத்தம் வருகிறது. துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம்.

அந்தச் சொட்டுக்குள் என்ன இருக்கிறது, தெரியுமா?

குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிவப்பு அணுவுக்குள்ளும் சுமார் 27 கோடி "ஹீமோகுளோபின்"கள்! நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராண வாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்வது இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் இதுதான்.

நால்வர் கூட்டு

ஹீமோகுளோபின் ஒரு புரதம். ஆனால் ஒற்றை ஆள் அல்ல. நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த கூட்டு. இரண்டு ஒரு வகை. மற்ற இரண்டு இன்னொரு வகை. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் இரும்புத் துகளை வைத்திருக்கிறது. பிராண வாயு வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான்.

நான்கும் தனித்தனியே சுமந்தால் என்ன? அங்கேதான் அதிசயம்!

நுரையீரலில் முதல் பிராண வாயு வந்து ஒட்டுவதுதான் கஷ்டம். அது ஒட்டியதும் அந்தச் சங்கிலி சற்று அசைகிறது. பக்கத்தில் இருப்பவையும் அசைந்து இடம் கொடுக்கின்றன. அடுத்தது சுலபமாக ஏறிக்கொள்கிறது.

இறக்கும்போதும் இதே ஒற்றுமைதான். உழைக்கும் தசையில் கரியமில வாயு அதிகம். அங்கே ஒன்று இறங்கினால், மற்றவையும் பிடியைத் தளர்த்துகின்றன.

தசைக்குள் "மயோகுளோபின்" என்று ஒரு புரதம் உண்டு. அது ஒற்றைச் சங்கிலி. பிராண வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும்; எளிதில் விடாது. சேமித்து வைக்க அது போதும். கொண்டுபோய்க் கொடுக்க நால்வர் வேண்டும்!

22 ஆண்டு உழைப்பு

இந்தக் கூட்டின் அமைப்பைக் கண்டவர் மாக்ஸ் பெரூட்ஸ். 1914-ல் வியன்னாவில் பிறந்தவர். 1937-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், ஹீமோகுளோபின் படிகங்களை எக்ஸ்-ரே மூலம் ஆராயத் தொடங்கினார். நடுவே உலகப் போர் வந்தது. 1940-ல் அவரை "எதிரி நாட்டவர்" என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

1959-ல் வெற்றி கிடைத்தது. 1962-ல் நோபல் பரிசு பெற்றார். அதைப் பகிர்ந்துகொண்டவர் ஜான் கெண்ட்ரூ. அவர் கண்டது மயோகுளோபினின் அமைப்பு!

ஒரு மணி மாறினால்...

நான்கு சங்கிலிகளிலும் சேர்த்து 574 மணிகள் கோத்தது போல 574 அமினோ அமிலங்கள் உள்ளன. இரண்டாவது வகைச் சங்கிலியில் 6-வது மணி மட்டும் மாறினால் போதும், பெரும் கேடு! 1957-ல் இதைத் தெளிவாகக் காட்டியவர் வெர்னான் இங்கிராம்.

பிராண வாயுவை இறக்கியதும், இந்தக் கெட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகத் திரிகின்றன. வட்டமான சிவப்பு அணு அரிவாள் போல வளைகிறது. சிறு ரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி! 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் அழிகிறது. ரத்த சோகை உண்டாகிறது.

இதுதான் "அரிவாள் அணு" நோய். நீலகிரி மலைவாழ் மக்களிடம் இது இருப்பது 1952-ல் தெரிய வந்தது. இந்த நோயை ஒழிக்க 2023-ல் மத்திய அரசு தனித் திட்டம் தொடங்கியது.

ஒரு சொட்டு போதும்

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறை வந்தால், பெரும்பாலும் நோய் வெளியே தெரியாது. ஆள் நன்றாகவே இருப்பார். ஆனால் அப்படிப்பட்ட இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

ஆகவே, இந்த நோய் உள்ள பகுதிகளில் கல்யாணம் பேசும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முதல் சோதனைக்கு வேண்டியது அதிகம் இல்லை.

விரலில் இருந்து ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்!