மைனஸ் ஐந்தாவது ஸ்டேஷன் வியாசர்பாடி! தெரியுமா?

சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம். மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு இந்த ஏழும் தலைகீழ்ப் பாடம். இதையே அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ஒரு மேற்கோள் குறி வையுங்கள். முடிந்தது, லிஸ்ப் என்ற நிரல் மொழியில் ஒரு லிஸ்ட்! கமாகூட வேண்டாம்; இரண்டு சொல் பெயர்களை மட்டும் நடுவே கோடு போட்டு ஒன்றாக்குங்கள். ஈமேக்ஸ் என்ற எழுதுகருவிக்குள் இருக்கும் ஈமேக்ஸ் லிஸ்ப் என்றால் ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம்.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். சென்ட்ரல் 0, வியாசர்பாடி 2. கடைசியிலிருந்து எண்ணினால்? வில்லிவாக்கம் -1, லோகோ -2, அப்படியே பின்னால் வந்தால் வியாசர்பாடி -5! லிஸ்ட்டை வெட்டித் தரும் ‘செக்-சப்செக்’ என்ற ஈமேக்ஸ் கட்டளைக்கு -5, -1 என்று இரண்டு எண் கொடுத்தால் வியாசர்பாடி, பெரம்பூர், கேரேஜ், லோகோ நான்கும் வரும். வில்லிவாக்கம் வராது. இரண்டாவது எண் குறிக்கும் இடத்துக்கு முன்னாலேயே வெட்டு விழுந்துவிடும்.

பின்னாலிருந்து எண்ணச் சொல்கிறோமே, லிஸ்ப்புக்குப் பின்னால் நடக்கவே தெரியாது, தெரியுமா? அதன் லிஸ்ட் ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே அறை: ஒன்றில் சரக்கு, மற்றதில் அடுத்த கண்ணியின் விலாசம். முந்தைய கண்ணியின் விலாசம் எங்கும் கிடையாது. ஆகவே -5 என்றதும் அது முதலில் கடைசிவரை நடந்து நீளத்தை எண்ணும்: 7. ஏழில் ஐந்து போக 2. பிறகு மறுபடி சென்ட்ரலிலிருந்து கிளம்பி இரண்டு கண்ணி தாண்டும். மைனஸ் குறியின் மாயம் இந்த ஒரு கழித்தல்தான்! அந்த இரண்டு அறைகளையும் திறக்கும் ‘கார்’, ‘குடர்’ என்ற பெயர்கள், ஜான் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப்பைத் தொடங்கிய காலத்து ஐபிஎம் 704 கணினியின் உள்ளமைப்பிலிருந்து வந்தவை. இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏழே ஸ்டேஷனில் -9இலிருந்து வெட்டச் சொன்னால்? ஈமேக்ஸ் லிஸ்ப் பிழை என்று கத்தும். பைத்தான் மொழியோ சத்தமில்லாமல் முழு லிஸ்ட்டையும் நீட்டும். எனக்குக் கத்துகிறவனைத்தான் பிடிக்கும். லிஸ்ப்பின் இன்னொரு வகையான காமன் லிஸ்ப்பின் ‘சப்செக்’ மைனஸை வாசலிலேயே நிறுத்திவிடும்.

எழுத்துச் சரத்தையும் இப்படி வெட்டலாம். ‘வியாசர்பாடி’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடுக்குப் பதினொன்று! கால், கொக்கி, புள்ளி எல்லாம் அங்கே தனித்தனி ஆள். ‘சப்ஸ்ட்ரிங்’குக்கு -4 கொடுத்தால் ‘பாடி’ அழகாக வரும். -1 கொடுத்தாலோ ‘டி’ வராது. ட இல்லாமல் அதன் கொக்கி மட்டும் அந்தரத்தில் தொங்கும்!

எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு பூஜ்யத்தில். கடைசி மூன்றை விட்டுவிடு என்றால் 0, -3. இரண்டை விட 0, -2. ஒன்றை விட 0, -1. ஒன்றையும் விடாதே என்றால்? 0, -0! மைனஸ் பூஜ்யமும் பூஜ்யம்தானே. பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்திலேயே முடி என்று படித்துக்கொண்டு, முழு ரயிலுக்குப் பதில் காலி லிஸ்ட்டைக் கையில் கொடுக்கும். பிழைச் செய்தியும் வராது. இதற்கு மாற்று வழி கண்ட மொழி உண்டு, தெரியுமா? லிஸ்ப் குடும்பத்துச் சின்னவள் ஜேனட். அங்கே வெட்டும்போது -1 என்றால் கடைசி ஸ்டேஷன் அல்ல, அதையும் தாண்டிய முடிவு. 0, -1 என்றால் ஏழும் வரும். ஒன்றைக் கழற்ற -2. பார்க்கக் கோணலாக இருந்தாலும் கணக்கு எங்கும் உடையாது.

ஜேனட் வேண்டாம், ஈமேக்ஸே போதும் என்பவர்களுக்கு: கழற்றும் எண்ணிக்கையை நிரல்தான் கணக்கிடுகிறது என்றால், அது பூஜ்யமா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். அல்லது நீளத்திலிருந்து நீங்களே கழித்து, மைனஸ் இல்லாத எண்ணாகக் கொடுங்கள்.