மாவுத் தூசியும் வெடிக்கும்!

மாவு மில்லின் உத்தரத்திலும் சுவிட்ச் பெட்டியின் மேலும் வெள்ளையாகப் படிந்திருக்கும் தூசியை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. தும்மல் வரும், துணி அழுக்காகும், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். ஆனால், தானியத் தூசி அமெரிக்காவில் பெரிய கிடங்குகளையே தகர்த்திருக்கிறது.

1977 டிசம்பர் 22 அன்று, லூசியானா மாநிலத்தின் வெஸ்ட்வெகோ ஊரில் தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் இன்னொரு கிடங்கு வெடித்தது.

எப்படி வெடிக்கிறது?

விறகுக் கட்டை பற்ற நேரமாகும். சிராய் சட்டெனப் பற்றும். தூளாகிவிட்டால் வேகம் இன்னும் அதிகம். மூடிய இடத்தில் தூசி மேகம்போல் மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். மொத்தமும் நொடியில் எரியும். சூடான காற்று விரிய இடமில்லாமல் சுவரை உடைக்கும்.

முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியதுதான். அந்த அதிர்வில், படிந்து கிடந்த தூசியெல்லாம் கிளம்பி அடுத்தடுத்து வெடிக்கும். அதிக உயிர்களைப் பறிப்பது இந்த இரண்டாவது வெடிப்புதான்.

விதி காத்தது, விதி இல்லாதது கொன்றது

1987-ல் அமெரிக்க அரசு தானியக் கிடங்குகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. எலிவேட்டரைச் சுற்றிய பகுதி போன்ற முக்கிய இடங்களில், தூசி சுமார் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் உடனே அகற்ற வேண்டும். வெல்டிங் வேலைக்கு முன் அனுமதி வேண்டும். அதன்பின் கிடங்குகளில் உயிர்ப்பலி குறைந்தது.

ஆனால், அந்த விதி சர்க்கரை ஆலைகளுக்குப் பொருந்தவில்லை. 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் ஊரில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். தகடு போட்டு மூடிய கன்வேயருக்குள் தூசி சேர்ந்திருந்தது; சூடேறிய பேரிங் அதைப் பற்றவைத்திருக்கலாம் என்றது விசாரணை. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தூசி விதி கொண்டுவரும் முயற்சி 2009-ல் தொடங்கி, 2017-ல் கைவிடப்பட்டது.

இந்தியாவில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 37-வது பிரிவிலேயே இதைப் பேசியது: இயந்திரத்தை மூடி வைக்க வேண்டும், தூசி சேரவிடக் கூடாது, தீப்பொறிக்கு இடம் தரக் கூடாது. ஆனால், ஓரிரு ஆட்களோடு ஓடும் கிராமத்து மில்கள் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. அங்கே நடத்துபவரின் கவனம்தான் பாதுகாப்பு.

மில்லில் செய்ய வேண்டியவை

* சுவிட்ச் பெட்டியின் நிறம் தெரியாத அளவுக்குத் தூசி படிந்திருந்தால் அன்றே சுத்தம் செய்யுங்கள். உத்தரத்தை மறக்க வேண்டாம்.

* கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, தூசி பறக்காமல் மெதுவாகக் கூட்டி அள்ளுங்கள்.

* பேரிங்குக்கு கிரீஸ் வையுங்கள். சூடேறினாலோ பெல்ட் வழுக்கினாலோ ஓட்டத்தை நிறுத்துங்கள்.

* தூசியை அகற்றாமல் வெல்டிங் செய்யவே கூடாது. பீடி, சிகரெட் வாசலுக்கு வெளியே.

* தூசிக் குவியல் புகைந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். தூசி கிளம்பி வெடிக்கலாம். ஆட்களை வெளியேற்றி, 101-க்கு அழையுங்கள்.

ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.