கறுப்பு டி-ஷர்ட்டின் உப்புக் கணக்கு

பின்லாந்தின் 'பெஹெரித்' இசைக்குழு 1993-இல் வெளியிட்ட 'டிராயிங் டவுன் தி மூன்' இசைத்தொகுப்புக்கு, 'பிளாக் மெட்டல்' இசை ரசிகர்களிடையே இன்றும் தனி மதிப்பு உண்டு. அக்காலத்தில் ஒலிநாடாவும் குறுந்தகடும் விற்றுப் பணம் வந்தது. இன்று இணையத்தில் ஒரு பாடலை ஒருவர் கேட்டால் குழுவுக்குக் கிடைப்பது சில காசுகளே. ஆகவே, இத்தகைய குழுக்கள் புதிய தொகுப்புடன் அதன் அட்டைப்படம் பொறித்த கறுப்பு டி-ஷர்ட்டையும் விற்கின்றன. எந்த ஊரில் தைக்கப்பட்டாலும் அது பருத்திப் பின்னலாடைதான். திருப்பூர் நன்கறிந்த சரக்கு.

கறுப்பு எளிய நிறமன்று. நீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் தன்மையுடையவை. உப்பைச் சேர்த்தால்தான் சாயம் இழையை நெருங்கும். வெளிர் நிறங்களுக்குக் குறைந்த உப்பு போதும். அடர் கறுப்புக்கு லிட்டருக்கு சுமார் 80 கிராம் தேவை. ஒரு கிலோ துணியை எட்டு லிட்டர் நீரில் சாயமேற்றினால் உப்பு 640 கிராம். அத்துணியில் ஐந்து டி-ஷர்ட்டுகள் தைக்கலாம் என்றால், ஒன்றுக்கு நூறு கிராமுக்கும் அதிகம். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகிறது.

அது எங்கே போனது என்பதை நொய்யல் அறியும். பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர்த் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடனேயே தொழில் மீண்டது.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்தெடுக்கின்றன. எஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதி மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய எரிபொருளும் மின்சாரமும் பெருமளவில் செலவாகின்றன. இறுதியில் மிஞ்சும் கலப்பு உப்பைப் பாதுகாத்து வைப்பது தனிச் சுமை.

இந்தச் செலவு யாருடையது? விலையை மட்டும் பேசும் கொள்முதலாளர் அதைப் பட்டறையின் தலையில் கட்டுகிறார். அங்கே லாபம் கரையும்போது, இரவில் கழிவை ஓடையில் திறந்துவிடும் சபலம் பிறக்கிறது. அதைத் தடுக்கக் கண்காணிப்பு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. சுத்திகரிப்புச் செலவைத் துணி விலையில் தனி இனமாகக் காட்டி, வாங்குபவரிடம் பெற வேண்டும். நூறு கிராம் உப்பின் விலையை டி-ஷர்ட்டை அணிபவர் தராவிட்டால், அதை நொய்யல் கரை விவசாயியே தர நேரும்.